டாம் தாம்சன்: ரம்பம் புகுந்த காட்டின் ஓவியர்

கனடாவுக்கு வெளியே டாம் தாம்சன் என்ற பெயர் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. கனடாவிலோ அவரை விட்டுவிட்டு ஓவியம் பற்றிப் பேசவே முடியாது. பள்ளிக்கூடச் சுவர், தபால்தலை, காலண்டர், காபிக் கோப்பை என்று எங்கு பார்த்தாலும் அவர் வரைந்த ஒற்றைப் பைன் மரம் நிற்கும். கூடவே ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வரும்: மனிதக் கால் படாத வடகாட்டுக்குள் தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் போனவர், யாரிடமும் படிக்காத மேதை, 39 வயதில் ஏரியில் மர்மமாகச் செத்துப்போனவர். இந்தக் கதையில் வயது மட்டும்தான் முழுசாகச் சரி. மற்றதெல்லாம் அவர் போன பிறகு நண்பர்களும் பத்திரிகைகளும் அரசாங்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. கட்டியதற்குக் காரணங்கள் இருந்தன, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ‘வடக்கு’ எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தாம்சன் வாழ்ந்து வரைந்து இறந்த கனூ ஏரி, ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கோன்குவின் பூங்காவில் இருக்கிறது. அட்சரேகைப்படி கிட்டத்தட்ட இத்தாலியின் மிலான் நகரத்துக்கு நேர். பாரிஸ் அதைவிட வடக்கே இருக்கிறது. டொராண்டோவிலிருந்து 250 கிலோமீட்டர் சொச்சம். வருடா வருடம் இலை சிவக்கும் பருவத்தில் டொராண்டோ தமிழ்க் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு காரில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புகிற இடம் அது. தாம்சன் காலத்தில் கார் பாதை இல்லை, ஆனால் ரயில் இருந்தது. மரவியாபாரி ஜே.ஆர். பூத் 1890-களில் போட்ட ரயில்பாதை பூங்காவின் குறுக்கே ஓடியது, கனூ ஏரிக்கென்று தனி ஸ்டேஷனே உண்டு. கனடாவின் உண்மையான வடக்கு, அதாவது மரமே முளைக்காத பனிநிலம், அங்கிருந்து இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஆரம்பிக்கிறது. அங்கெல்லாம் தாம்சன் போனதே இல்லை.

அவர் பிறந்தது 1877 ஆகஸ்ட் 5, டொராண்டோவுக்குக் கிழக்கே பிக்கரிங் பகுதியிலுள்ள கிளேர்மாண்ட் என்ற சின்ன ஊரில். இன்றைக்கு மார்க்கமிலும் ஸ்கார்பரோவிலும் இருக்கிற நம்மவர்களுக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லிவிடலாம். பத்துப் பிள்ளைகளில் ஆறாவது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது குடும்பம் ஜார்ஜியன் விரிகுடாக் கரையில், ஓவன் சவுண்டுக்கு அருகிலுள்ள லீத் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. விவசாயக் குடும்பம், வீட்டில் பாட்டு, புத்தகம், மீன்பிடிப்பு எல்லாம் உண்டு. வில்லியம் புரோடி என்ற உறவினர் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற இயற்கையியலாளர். பூச்சி, செடி சேகரிக்க அவரோடு போன நாட்கள் பையனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் முப்பது வயது வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. வார்ப்பட ஆலையில் தொழில் பழகப் போய் விட்டுவிட்டார், வணிகக் கல்லூரியில் கொஞ்ச நாள், பிறகு 1901-ல் அண்ணன் இருந்த சியாட்டில் நகரத்துக்குப் போய் அச்சுக் கட்டை செதுக்கும் நிறுவனங்களில் எழுத்து வரையும் வேலை. விளம்பரம், லெட்டர்ஹெட், அட்டைப்படம் இந்த மாதிரி. நாலைந்து வருடத்தில் கனடா திரும்பிவிட்டார். டொராண்டோவில் ‘கிரிப்’ என்ற விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தில் சேரும்போது முப்பது தாண்டிவிட்டது.

இந்த கிரிப் கம்பெனியைச் சும்மா கடந்து போக முடியாது, தாம்சனுக்கு ஓவியக் கல்லூரியாக இருந்தது அதுதான். மூத்த வடிவமைப்பாளர் ஜே.இ.எச். மெக்டொனால்டு, ஆர்தர் லிஸ்மர், ஃபிரெட் வார்லி, ஃபிராங்க்ளின் கார்மைக்கேல், ஃபிராங்க் ஜான்ஸ்டன் என்று பின்னாளில் கனடிய ஓவியத்தையே மாற்றிப் போட்ட ஐந்து பேர் ஒரே கூரையின் கீழ் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே வரையப் போவார்கள். ‘யாரிடமும் படிக்காத மேதை’ என்ற பேச்சு இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது. அவர் ஓவியக் கல்லூரியில் முழுநேரமாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தினமும் எட்டு மணி நேரம் கற்றுக்கொண்டதை என்னவென்று சொல்வது? அங்கே கற்றது அவர் ஓவியங்களில் கடைசி வரை தெரிகிறது. வளைந்து வளைந்து போகும் கொடிக்கோடு, தட்டையான வண்ணப் பரப்பு, முன்னால் கறுப்பாக ஒரு உருவம், பின்னால் வெளிச்சம், எல்லாமே அந்தக் காலத்து போஸ்டர் கலையின் பாடம். 1914-15 குளிர்காலத்தில் வரைந்த ‘வடக்கத்தி ஆறு’ ஓவியத்தைப் பாருங்கள், மெலிந்த ஸ்புரூஸ் மரங்கள் இரும்புக் கிராதி மாதிரி முன்னால் நிற்க, அதன் சந்து வழியாகத்தான் நாம் ஆற்றைப் பார்க்கிறோம். தேசிய கலைக்கூடம் 1915-லேயே அதை 500 டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. அவரோ கடிதத்தில் அதைத் தன்னுடைய சதுப்புப் படம் என்றுதான் குறிப்பிடுகிறார்.

1912 மே மாதம்தான் முதன்முதலாக அல்கோன்குவின் போனார். வயது 34. இறந்தது 1917 ஜூலையில். ஆக அவருடைய மொத்த ஓவிய வாழ்க்கையே ஐந்து வருடம்தான். அதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட சிறு பலகை ஓவியங்கள், ஐம்பது சொச்சம் பெரிய கேன்வாஸ்கள். அதிலும் முதல் வருடத்தில் பாதி வீண்: கோடையில் வில்லியம் பிராட்ஹெட் என்ற சக ஊழியரோடு மிசிசாகி வனப்பகுதியில் நீண்ட படகுப் பயணம் போனபோது வேகநீரில் படகு கவிழ்ந்து வரைந்ததில் பெரும்பகுதி தண்ணீரோடு போயிற்று.

சரி, இந்தச் சிறு பலகைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைக் கேட்டால் தாம்சன் என்ற ஓவியர் இருப்பது அங்கேதான், போஸ்டர்களாகிப்போன ‘ஜாக் பைன்’, ‘மேலைக் காற்று’ என்ற அந்த இரண்டு பெரிய படங்களில் இல்லை.

ஒரு மரப்பெட்டி. திறந்தால் மூடியே ஓவியத்தைத் தாங்கும் சட்டம், கீழே வண்ணக் குழாய்களும் தட்டும். மூடியின் உள்பக்கம் பள்ளங்கள் வெட்டியிருக்கும், ஈரம் காயாத பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அதில் செருகிக்கொள்ளலாம். பலகை சுமார் 21.6-க்கு 26.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள் அளவு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாறையிலோ படகிலோ உட்கார்ந்தபடியே வரையலாம். எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது, வெளிச்சமோ நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், மே மாதம் என்றால் கருப்பு ஈ மொய்த்துக் காதோரம் கடித்து ரத்தம் வரவழைக்கும். ஆகவே ஒரே உட்காரலில் முடித்தாக வேண்டும், அடித்துத் திருத்த நேரம் கிடையாது. அந்த அவசரம் பலகையில் அப்படியே தெரிகிறது. மேகம் என்றால் தூரிகையை அழுத்தி இழுத்த நாலு இழுப்பு. பிர்ச் மரம் என்றால் வெள்ளையில் ஒரே கோடு. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே பலகையின் பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிடுவார், அந்தப் பழுப்பே தரையாகவும் மரப்பட்டையாகவும் வேலை செய்யும்.

1912-ல் வரைந்தவை சாம்பலும் பழுப்புமாக, அளந்து அளந்து வைத்த மாதிரி இருக்கும். 1914 இலையுதிர்காலத்தில் ஏ.ஒய். ஜாக்சன், லிஸ்மர், வார்லி மூவரோடும் சேர்ந்து தங்கி வரைந்தபோது எல்லாம் மாறியது. ஜாக்சன் பிரான்சில் படித்தவர், வண்ணத்தைக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரகாசிக்க வைக்கும் வித்தை தெரிந்தவர். அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஜாக்சனும் தாம்சனும் டொராண்டோவில் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகு வந்த பலகைகளில் ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் ஊதாவும் எரிகின்றன. 1916, 1917-ல் சில பலகைகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது மரம், இது பாறை என்று பிரித்துச் சொல்ல முடியாது, வெறும் வண்ணத் திட்டுகள். நாலடி பின்னால் வந்தால் பட்டென்று காடாகிவிடும். ஐரோப்பாவில் அருவ ஓவியம் பிறந்துகொண்டிருந்த அதே வருடங்கள் அவை. ஆனால் தாம்சன் கொள்கை பேசியவர் இல்லை, வேகமும் ஈயும் சேர்ந்தே அவரை அந்த இடத்துக்குத் தள்ளியிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பருவங்களில் அவருக்குக் கோடை அவ்வளவாக ஆகாது. எல்லாம் ஒரே பச்சை. பனி உருகும் மார்ச்-ஏப்ரலும், இலை நிறம் மாறும் செப்டம்பர்-அக்டோபரும்தான் அறுவடைக் காலம். கோடையில் மீன் பிடிப்பது, சுற்றுலா வந்தவர்களுக்கு வழிகாட்டியாகப் போவது, 1916-ல் தீத்தடுப்புக் காவலர் வேலை, இப்படிப் பொழுது போகும்.

இனி அந்தக் காடு. 1893-ல் ஒன்டாரியோ அரசு அல்கோன்குவினைப் பூங்காவாக அறிவித்தபோது மரம் வெட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தும் எண்ணமே இல்லை. வெள்ளைப் பைன் அப்போது தங்கம். குளிர்காலத்தில் வெட்டி, சறுக்கு வண்டியில் இழுத்து, உறைந்த ஏரி மேல் குவித்து வைத்து, வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்றோடு மிதக்கவிடுவார்கள். தண்ணீர் போதாத இடத்தில் அணை கட்டித் தேக்கித் திறந்துவிடுவார்கள், அருவி இருக்கும் இடத்தில் கட்டை அடிபடாமல் இறங்க மரத்தாலேயே சரிவுக் கால்வாய் போடுவார்கள். அணை கட்டினால் ஏரி மட்டம் ஏறும், கரையோர மரங்கள் நின்றபடியே மூழ்கிச் சாகும். வெட்டிப் போட்ட கிளைக் குப்பையில் ரயில் இன்ஜின் பொறி விழுந்தால் காட்டுத்தீ. கனூ ஏரிக் கரையிலேயே கில்மோர் என்ற கம்பெனி பெரிய மரமறுக்கும் ஆலை போட்டு, மோவாட் என்று ஒரு ஊரையே உண்டாக்கி, சில வருடத்தில் திவாலாகிப் போயிருந்தது. தாம்சன் தங்கிய மோவாட் லாட்ஜ் அந்தக் கம்பெனியின் பழைய கட்டடம்தான். வாசலில் நின்று பார்த்தால் ஏரிக்கு முன்னால் ஏக்கர் கணக்கில் மரச்செதில் குப்பை பரந்து கிடக்கும். இதுதான் ‘மனிதக் கால் படாத’ காடு.

தாம்சன் இதை மறைக்கவே இல்லை. 1912-ல், அதாவது அங்கே கால் வைத்த முதல் வருடத்தில், அவர் வரைந்த குறிப்பிடத்தக்க பலகை ஒன்றின் பெயர் ‘மூழ்கிய நிலம்’. தேங்கிய தண்ணீரில் பட்டுப்போன மரங்கள் குச்சி குச்சியாக நிற்கின்றன. டீ ஏரி அணையை வரைந்தார், மரச் சரிவுக் கால்வாயை வரைந்தார், கைவிடப்பட்ட கட்டைகளை வரைந்தார். 1915-ல் தீ தின்ற குன்றுகளை வரைந்த பலகை ஒன்று டொராண்டோவில், ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது, நீலமும் ரத்தச் சிவப்புமாக, எரிந்த கட்டைகள் குன்றிலிருந்து வழிந்து இறங்குகிற மாதிரி. அவர் செய்ததிலேயே மூர்க்கமான பலகை அது என்பேன். 1916-17 குளிர்காலத்தில் செய்த பெரிய கேன்வாஸ்களில் ஒன்று அணையைத் திறந்துவிட்டுக் கட்டைகளை ஆற்றில் தள்ளும் தொழிலாளர்கள் பற்றியது, இப்போது குவெல்ஃப் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இன்னொன்றில், இலையுதிர்காலக் குன்று பின்னால் பற்றி எரிய, மரவெட்டிகளின் கூர்முனைப் படகுகள் ஏரியில் வரிசையாகப் போகின்றன. தீக்காவலர் வேலை பார்த்த அந்த 1916-ல் அவருடைய பொறுப்பே பூத் கம்பெனிக் கட்டைகள் பெட்டவாவா ஆற்றில் இறங்கும்போது தீ எதுவும் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு வேலையும் ஒத்துப்போகவில்லை, வரைய நேரம் கிடைக்கவில்லை என்று, தன்னை ஆதரித்த டாக்டர் மெக்கல்லத்துக்குக் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார்.

ஆக அவருக்குத் தெரிந்த வடக்கு ஒரு தொழிற்பேட்டையின் மிச்சம். அதில் அழகு இருப்பதையும் கண்டார், அடிபட்டிருப்பதையும் கண்டார், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டார். மரவெட்டிகள் மேல் கோபம் என்று எதுவும் அந்தப் படங்களில் இல்லை, அவர்களும் அவருக்கு நிலத்தின் ஒரு பகுதி. இன்றைய சூழலியல் ஆசாமிகள் அவரைத் தங்கள் ஆளாக ஆக்கிக்கொள்வது அதனால்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அல்கோன்குவின் பழங்குடி மக்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலம் அது. பூங்கா அறிவிப்பு வந்ததும் வேட்டை தடை செய்யப்பட்டு அவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய நில உரிமைக் கோரிக்கை மேல் ஒரு கொள்கை ஒப்பந்தம் கையெழுத்தானது 2016-ல்தான். தாம்சன் ஓவியங்களில் அவர்கள் இல்லை. பெரும்பாலான படங்களில் ஆட்களே இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் வெறுமையாகத் தெரிகிற அந்த நிலம் எப்படி வெறுமையாயிற்று என்பது படத்துக்கு வெளியே இருக்கும் சங்கதி.

அப்படியானால் ‘தூய வடக்கு’ எங்கிருந்து முளைத்தது? 1913 ஜனவரியில் மெக்டொனால்டும் லாரன் ஹாரிஸும் எல்லை தாண்டி பஃபலோ நகரத்துக்கு ஒரு கண்காட்சி பார்க்கப் போனார்கள். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஓவியர்களின் சமகால ஓவியங்கள். பனி சுமந்த ஸ்புரூஸ் மரம், உறைந்த ஆறு, குளிர்கால வெளிச்சம். கனடாவில் அதுவரைக்கும் காசுள்ளவர்கள் வாங்கி மாட்டியது ஹாலந்துப் பாணியில் மாடும் மேய்ச்சல் நிலமும் மூடுபனியுமான படங்கள். பைன் காடு வரையத் தகுந்த விஷயமே இல்லை என்பது பொது அபிப்பிராயம். பஃபலோவில் பார்த்ததும் இருவருக்கும் பொறி தட்டிவிட்டது: இதே நிலம்தான் நம் நாட்டிலும் இருக்கிறது, இதையேன் நாம் வரையவில்லை? பிரிட்டனின் நிழலிலிருந்து வெளியே வரப் பார்த்த இளம் தேசத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஹாரிஸ் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, விவசாய இயந்திரம் செய்யும் மேஸி-ஹாரிஸ் கம்பெனியின் வாரிசு. அவரும் கண் மருத்துவர் ஜேம்ஸ் மெக்கல்லமும் பணம் போட்டு 1914-ல் டொராண்டோவின் செவர்ன் தெருவில் ஓவியர்களுக்கென்று ஒரு கட்டடமே எழுப்பினார்கள். கொள்கையும் ரெடி, கட்டடமும் ரெடி. காட்டைக் கண்ணால் பார்த்து வரைகிற ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தாம்சன்.

மெக்கல்லம் இல்லாவிட்டால் தாம்சன் விளம்பர வேலையிலேயே காலத்தை ஓட்டியிருப்பார். ஒரு வருடச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வேலையை விட்டுவிட்டு வரை என்று ஜாக்சனிடம் சொன்ன டாக்டர், அதே வாக்கைத் தாம்சனுக்கும் கொடுத்தார். அதற்குச் சற்று முன்னால் 1913-ல் ‘ஒரு வடக்கத்தி ஏரி’ என்ற கேன்வாஸை ஒன்டாரியோ அரசு 250 டாலருக்கு வாங்கியிருந்தது. அந்தக் காசோலையை ஒற்றை டாலர் நோட்டுகளாக மாற்றி அறைக்குள் வீசியெறிந்து கொண்டாடினார் என்று ஒரு கதை உண்டு. காசு விஷயத்தில் அவர் ஒரு மாதிரிதான். வரைந்த பலகைகளை நன்றாயிருக்கிறது என்று சொன்னவர்களுக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

குளிர்காலத்துக்கு டொராண்டோ வந்துவிடுவார் என்பதையும் கதை சொல்பவர்கள் மறந்துவிடுவார்கள். 1915 கடைசியில் அந்த ஓவியர் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மரக்கொட்டகைக்குக் குடிபோனார், வாடகை மாதம் ஒரு டாலர். படுக்கை, அடுப்பு, மாண்டலின், பலகைகள். பகலில் கேன்வாஸ், ராத்திரி பனிச்செருப்புப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடை. கடைசிப் பெரிய ஓவியங்கள் இந்தக் கொட்டகையில் செய்தவை, காட்டில் இல்லை. இப்போது கொட்டகையைப் பெயர்த்துக் கொண்டுபோய் கிளைன்பர்க் என்ற ஊரில் மெக்மைக்கேல் கலைக்கூட வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

‘ஜாக் பைன்’ ஓவியம் அங்கே பிறந்ததுதான். 1916-ல் கிராண்ட் ஏரிக் கரையில் ஒரு பலகையில் வரைந்ததை அந்தக் குளிர்காலத்தில் 127.9-க்கு 139.8 சென்டிமீட்டர் கேன்வாஸாகப் பெருக்கினார். பாறை மேல் ஒரு ஒடிசலான பைன், தொங்கிப்போன கிளைகள், பின்னால் ஏரி, அக்கரையில் குன்று, வானம். கேன்வாஸ் முழுக்க முதலில் ஒரு சிவப்புப் பூச்சுக் கொடுத்துவிட்டு அதன் மேல் வரைந்திருக்கிறார். கிளை ஓரங்களிலும் வண்ண இடுக்குகளிலும் அந்தச் சிவப்பு கசிந்து தெரிவதால் மரம் உள்ளே கனன்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. ஏரியும் வானமும் அகலமான படுக்கை இழுப்புகள், சதுரக் கல் அடுக்கிய மாதிரி. பலகையில் இருந்த அவசரம் இங்கே இல்லை, நிதானமாகக் கட்டிய படம். விளம்பரக்காரரின் கையும் காட்டுக்காரரின் கண்ணும் சமமாகச் சேர்ந்த இடம் என்று இதைச் சொல்லலாம். ஜாக் பைன் மரத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் சுவாரசியமாகும். மண்ணே இல்லாத பாறையிலும் மணலிலும் வளரும், அதன் காய்கள் பிசின் வைத்து இறுக மூடியிருக்கும், காட்டுத்தீயின் சூடு பட்டால்தான் பெரும்பாலும் திறந்து விதை உதிரும். அதாவது தீ புகுந்த நிலத்தில் முதலில் எழுந்து நிற்கும் மரங்களில் ஒன்று. தேசத்தின் தூய்மைக்கு அடையாளமாக மாட்டி வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு பிரபல ஓவியமான ‘மேலைக் காற்று’ம் அதே குளிர்காலத்தில் செய்ததுதான். அந்த மரத்தை வரைந்துகொண்டிருக்கும்போது சூறையில் அது தாம்சன் மேலேயே சாய்ந்தது, செத்தார் என்று நினைத்தால் எழுந்து வந்து மறுபடி வரைந்தார் என்று மெக்கல்லம் பின்னாளில் சொன்னார். மெக்கல்லம் நல்ல கதைசொல்லி.

1917 வசந்தத்தில் பனி உருகுவதை நாளுக்கு ஒன்றாகப் பலகைகளில் பதிவு செய்தார். ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் படகில் கிளம்பினார். படகு கிடைத்தது. உடல் எட்டு நாள் கழித்து 16-ஆம் தேதி மிதந்தது. நெற்றிப்பொட்டில் அடிபட்ட தடம், கணுக்காலில் மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தது. பிரேத விசாரணை தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம் என்று முடித்தது. அவசரமாக அங்கேயே புதைத்தார்கள், குடும்பம் ஆள் அனுப்பி உடலைத் தோண்டி எடுத்து லீத்துக்குக் கொண்டுபோனது. உண்மையிலேயே எடுத்தார்களா என்று சந்தேகம் கிளம்பியது. 1956-ல் சிலர் பழைய இடத்தைத் தோண்டினால் ஒரு எலும்புக்கூடு, மண்டையில் ஓட்டையோடு. அது ஒரு பழங்குடி இளைஞருடையது என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கொலை, காதல், கடன் தகராறு, தற்கொலை என்று புத்தகம் புத்தகமாக வந்துகொண்டே இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய வதந்தியை வைத்துப் பெயர் தெரிந்த மனிதர்களைக் கொலைகாரர்கள் ஆக்குவதில் எனக்கு ருசி இல்லை. படகில் எழுந்து நின்றவர் தடுமாறி விழுவது அந்த ஏரிகளில் நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மரணம் நடந்த நேரம் முக்கியம். முதல் உலகப் போர் நடுவில். ஜாக்சன் அதற்கு முந்தின வருடம்தான் ஐரோப்பியப் போர்முனையில் அடிபட்டிருந்தார். பல்லாயிரம் கனடியர்கள் பிரான்சின் சேற்றில் செத்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஓவியர் தன் நாட்டு ஏரியிலேயே கரைந்துபோனார் என்பது துக்கத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது. அதே வருடம் மெக்டொனால்டும் நண்பர் பீட்டியும் கனூ ஏரியில் கற்குவியல் எழுப்பி, அவர் காட்டோடு எளிமையாக வாழ்ந்தார் என்ற ரீதியில் ஒரு பித்தளைப் பலகை பதித்தார்கள். 1920-ல் நண்பர்கள் ஏழு பேர் ‘எழுவர் குழு’ என்று பெயர் சூட்டிக்கொண்டு டொராண்டோவில் கண்காட்சி வைத்தபோது இறந்துபோன எட்டாமவர்தான் அவர்களுக்குக் குலதெய்வம். 1924-ல் லண்டன் வெம்ப்ளி பேரரசுக் கண்காட்சிக்கு ‘ஜாக் பைன்’, ‘மேலைக் காற்று’ இரண்டும் போயின. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பாராட்டின. சீமையில் பாராட்டிவிட்டால் சொந்த ஊரில் மதிப்பு வருவது எந்தக் காலனியிலும் நடப்பதுதானே. அந்தச் சுற்றில் எந்தெந்தப் படங்கள் முன்னால் வந்தன என்று கவனியுங்கள்: ஒற்றை மரம், பாறை, காற்று. அணையும் கட்டையும் தொழிலாளியும் மெல்லப் பின்வரிசைக்குப் போனார்கள்.

சந்தை விஷயம் ஒரு வார்த்தை. உயிரோடிருந்தபோது சும்மா கொடுத்த அந்த ஏ4 பலகைகளில் ஒன்று 2009-ல் 27 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அவர் பெரும்பாலான பலகைகளில் கையெழுத்துப் போடவில்லை. இறந்த பிறகு மெக்டொனால்டு வடிவமைத்த ஒரு முத்திரையை அறையில் மிஞ்சியவற்றில் குத்தினார்கள். அவர் கொடுத்துவிட்டவற்றில் அதுவும் இல்லை. அதனால் போலிகள் நிறைய, பரணில் கிடைத்தது என்று யாராவது ஒருவர் வந்துகொண்டே இருப்பார்.

டொராண்டோ போகிறவர்கள் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் ‘மேலைக் காற்று’ முன்னால் செல்ஃபி எடுத்த கையோடு திரும்பிவிடாமல் பலகைகள் தொங்கும் அறையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள், கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவையும் போட்டு ஒரு தடவையும் பாருங்கள். ‘ஜாக் பைன்’ ஆட்டவாவில், தேசிய கலைக்கூடத்தில். அல்கோன்குவினுக்கே போவதாயிருந்தால் கிழக்கு வாசலை ஒட்டி மரவெட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, இலை பார்க்க வந்த கூட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அணை, சரிவுக் கால்வாய், கட்டை இழுக்கும் நீராவிப் படகு என்று தாம்சனின் பலகைகளில் இருக்கும் சாமான்களை அங்கே தொட்டே பார்க்கலாம். அவை பழங்காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் வணிகத்துக்கு மரம் வெட்ட அனுமதி இருப்பது இன்றைக்கும் அல்கோன்குவினில் மட்டும்தான், பூங்காவின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பரப்பு அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்திலும் ஏரிக்கரைகளிலும் மட்டும் வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள், படகில் போகிறவர்களின் கண்ணுக்குக் காடு காடாகவே தெரிய வேண்டுமே.